கணக்கைக் காக்கும் பூட்டு மாறுகிறது

சங்கத்தின் இரும்புப் பெட்டியை இருவர் பொறுப்பில் வைப்பது வழக்கம். ஒருவரிடமுள்ள சாவியால் மட்டும் அது திறவாது. ஆயின் இன்று அங்கத்தினரின் பங்குத் தொகையும் கடனும் வைப்பும் பேரேட்டோடு நிற்பதில்லை. கணினியில் ஏறி வங்கிவரை செல்கின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. இத்தகைய கணக்குகளை வழியில் பிறர் படிக்காதவாறு காப்பது, குறியாக்கம் எனப்படும் கணிதப் பூட்டாகும். அப்பூட்டை மாற்றவேண்டிய காலம் வந்துள்ளது.

61-ஐ 53-ஆல் பெருக்கினால் 3,233 என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். 3,233-ஐத் தந்து, எவ்விரு எண்களின் பெருக்கம் இது என்று கேட்டால் திகைப்பான். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் 1977-இல் வகுத்த பூட்டு இந்த அருமையையே நம்பியுள்ளது. அதில் இன்று வழங்கும் எண்கள் அறுநூறு இலக்கங்களுக்கும் மேற்பட்டவை; சாதாரணக் கணினிகளால் அவற்றைப் பிரிக்க இயலாது. ஆனால் போதிய வலிமையுள்ள குவாண்டம் கணினி அமைந்தால் அவை எளிதில் பிரிந்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-இல் நிறுவினார்.

அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லையே, இப்போதே கவலை எதற்கு என்று அங்கத்தினர் வினவலாம். பூட்டிய செய்தியை இன்றே நகலெடுத்து வைத்து, பூட்டு உடையும் நாள்வரை காத்திருக்கத் திருடனால் முடியும். நூலின் இன்றைய விலை அடுத்த மாதம் எவருக்கும் பயன்படாது. நிலப் பத்திரமும், அடையாள விவரமும், மருத்துவக் குறிப்பும் அவ்வாறல்ல. இருபது ஆண்டுகள் சென்றாலும் அவை காக்கப்படவேண்டியவை.

ஆகவே அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையம் 2016-இல் உலகக் கணித அறிஞர்களிடம் புதிய முறைகளைக் கோரியது. பகிரங்கச் சோதனைக்குப் பின், 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. சோதனை கடுமையானதே. பல சுற்றுகளைக் கடந்துவந்த ‘சைக்’ என்னும் முறையை, 2022-இல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர் இருவர் சாதாரணக் கணினியொன்றைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டனர். ஆதலால் பழைய பூட்டையும் புதிய பூட்டையும் சேர்த்தே இடும் முறை இப்போது பரவி வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். நம் பெட்டியின் இரட்டைச் சாவியும் இந்த நியாயத்தில் அமைந்ததே.

மாற்றம் ஒரே நாளில் முடிவதன்று. இன்று பெரிதும் வழங்கும் ஒரு முறையில் பொதுச் சாவி 32 பைட்டு அளவினது. புதிய தரத்தில் அது 1,184 பைட்டு. பழைய சிறு கருவிகள் சில இதைத் தாங்கா. பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையம், எங்கெங்கே எப்பூட்டு உள்ளது என்ற கணக்கெடுப்பை 2028-க்குள்ளும், முக்கியமான மாற்றங்களை 2031-க்குள்ளும், முழு வேலையையும் 2035-க்குள்ளும் முடிக்குமாறு கூறியுள்ளது.

இக்கணிதம் அங்கத்தினர்க்குத் தெரியவேண்டுவதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். நம் கணக்குகளை எந்தப் பூட்டு காக்கிறது? எவை நெடுங்காலம் மறைவாயிருக்க வேண்டியவை? புதிதாக வாங்கும் கருவியில், கருவியையே மாற்றாமல் பூட்டை மட்டும் மாற்ற வழியுண்டா? பொதுக்குழுவில் இம்மூன்றையும் கேட்டு, விடையை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்வது நம் கடமையாகும்.