ஒன்னுக்கு நல்லாத்தான் போகுது, டாக்டர்

கேமரன் மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கியா பார்ம் என்றால் ஸ்ட்ராபெரியும் வேகவைத்த சோளமும். அங்கேயே வேலை செய்கிறவர்களுக்கு அது ஈரமும் சேறும். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் ஒரு பக்கம் காய்கறித் தோட்டங்கள். இன்னொரு பக்கம் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலை. காய்கறிக் கழிவு குவிகிற, கால்வாய் தேங்குகிற எந்த ஊரிலும் எலிக்குப் பஞ்சமிருக்காது.

எலியின் சிறுநீரகத்தில் லெப்டோஸ்பைரா என்ற சுருள் கிருமி குடியிருக்கிறது. எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. மாதக்கணக்கில் சிறுநீரோடு கிருமியைக் கொட்டிக்கொண்டே திரியும். அது கலந்த தண்ணீரில் நிற்பவரின் கால் வெடிப்பு, கைக் கீறல், ஊறிப்போன தோல் வழியாக உள்ளே நுழையும் கிருமி, ரத்தத்தில் சுற்றி நம் சிறுநீரகத்துக்கும் வந்து சேர்கிறது. இங்கே அது சாதுவாக இருப்பதில்லை.

மலாயாவில் இந்தக் கிருமி தரும் நோயை 1920களிலேயே வில்லியம் பிளெட்சர் பதிவு செய்துவிட்டார். கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக மலேசியா அதைச் சேர்த்ததோ 2010இல்தான். அதே ஆண்டு, கேமரன் மலை இருக்கும் இதே பகாங் மாநிலத்தில், மாரான் பக்கத்து லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் நடந்த தேடுதல் பணிக்குப் பிறகு மெலியோடோசிஸ் என்ற இன்னொரு நோயின் கிருமியும் எலிச் சிறுநீர்க் கிருமியும் தொற்றியதில் எட்டுப் பேர் இறந்தனர். இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிப்பது சுமார் 180 லிட்டர். வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மிச்சத்தை நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கிருமி முதலில் கெடுப்பது இந்த நுண்குழாய்களை. அதனால் வடிப்பது பாதியாகக் குறைந்த பிறகும் சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கலாம். மற்ற திடீர் சிறுநீரகப் பாதிப்புகளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இதில் பல நேரம் இறங்கும். “ஒன்னுக்கு நல்லாத்தான் போகுது” என்று நோயாளி சொல்வது பொய்யல்ல. அதை நம்பி வீட்டுக்கு அனுப்புவதுதான் ஆபத்து.

ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்தால் தெரியும், ஆனால் அதுவும் பிந்தித்தான் ஏறும். 48 மணி நேரத்துக்குள் லிட்டருக்கு 26.5 மைக்ரோமோல் கூடினாலே பாதிப்பு என்கிறது 2012இல் வந்த உலக வழிகாட்டி. ஆகவே முதல் நாள் கணக்கு சரியாக இருந்தாலும் மறுபடி குத்திப் பார்க்க வேண்டும்.

இந்த நோயில் வரும் காய்ச்சலில் கெண்டைக்கால் வலி உயிரை எடுக்கும். உடனே கை போவது வலி மாத்திரைக்கு. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோபினாக், ஐபுபுரோபன் இரண்டும் அதைத்தான் அடக்குகின்றன. மலைக் குளிரில் தாகமும் அவ்வளவாகத் தெரியாது. அளவோடு எடுக்கும் பாராசிட்டமாலில் இந்தச் சிக்கல் இல்லை.

காய்ச்சல் என்றதும் கிளினிக்கில் முதலில் நினைவுக்கு வருவது டிங்கி. இரண்டிலும் ரத்தத் தட்டுகள் குறையும், தலை வலிக்கும், உடம்பு முறியும். கண் சிவந்திருப்பதும் வேலை செய்யும் இடமும்தான் துப்பு. கடந்த இரண்டு வாரத்தில் எந்தக் கால்வாயில் இறங்கினோம், காலில் பூட்ஸ் இருந்ததா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். பெனிசிலின் போன்ற பழைய மருந்தே கேட்கும். முற்றினால் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படலாம். பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் சில வாரங்களில் தேறிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் அதற்குப் போய்வர வேண்டும்.