அனிலின் என்னுஞ் சொல்

சேத்துப்பட்டு, ஆரணி முதலிய ஊர்களிற் பட்டு நெய்வார்க்குச் சாயம் இன்றியமையாதது. சாயத்தொழிலிலும் மருத்துவத்திலும் வழங்கும் 'அனிலின்' என்பதனைச் செருமானியச் சொல்லென விலக்குதல் தகுமோ என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

1840-இல் பிரிட்சே என்னும் செருமானிய வேதியலறிஞர் அவுரி நீலத்தினின்று எண்ணெய் போன்றதொரு பொருளைப் பிரித்து அப்பெயரிட்டார். அவுரி நீலத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லாகிய 'அனில்' அதற்கு அடி. அஃது அரபு 'அந்நீல்' என்பதன் திரிபு. 'அல்' என்னும் முன்னொட்டு நகரத்தின்முன் 'அன்' என ஒலிக்கும். எஞ்சிய 'நீல்', பாரசீக வழிச் சென்ற வடமொழி 'நீல' என்பதாம். சங்க நூல்களிலும் 'நீலம்' பயின்று வருதல் அறிக.

அனிலின் வழிப்பொருளினின்று ஆக்கப்பட்ட மெத்திலீன் நீலத்தை எர்லிக் 1891-இல் மலேரியா நோய்க்கு மருந்தாக்கினார். 1897-இல் செருமனியின் செயற்கை நீலம் விற்பனைக்கு வரவே, இந்திய அவுரிப் பயிர் நலிந்தது. பொருள் பகையாயினும் பெயர் உறவே.

ஆதலின், ஒலிவடிவு மட்டுங் கண்டு அயன்மை துணியாது, சொல்வழி நாடிய பின்னரே கலைச்சொற்களைக் கொள்ளலும் தள்ளலும் முறையாம்.