பூட்டிய வீட்டுக்கும் காப்பு வேண்டும்

கடந்த மழைக்காலத்தில் காரைக்குடியில் உள்ள எங்கள் பூர்விக வீட்டின் வளவில் ஓட்டுக்கூரை ஒருபக்கம் சரிந்து விழுந்தது. வீட்டுக்கு உரிமையுள்ள பங்காளிகள் ஐவர். ஐவரும் ஐந்து ஊர்களில் வசிக்கிறோம். "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். எவரிடமும் பதில் இல்லை. கார்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் காப்பீடு செய்யும் நாங்கள், பர்மா தேக்கில் தூண் நிறுத்தி, ஆத்தங்குடிக் கல் பாவிய வீட்டைப் பூட்டோடு விட்டிருந்தோம்.

அதன் பிறகே பாலிசி விதிகளைப் படித்தேன். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொது வடிவப் பாலிசியை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் போன்றவற்றால் நேரும் சேதங்கள் இதில் அடங்கும். கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களுக்கும் தாமாகவே காப்பு கிடைக்கும்.

எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்வது? இங்குதான் பலரும் தவறுகிறார்கள். மனையின் விலை இக்கணக்கில் சேராது. கட்டடத்தை மீண்டும் எழுப்ப ஆகும் செலவே அடிப்படை. செட்டிநாட்டில் ஒரு வீடு விலைபோகும் தொகை வேறு. அதே வீட்டைத் தேக்கு வேலைப்பாட்டோடும் சுண்ணாம்புப் பூச்சோடும் மறுபடி கட்டும் தொகை வேறு. ஆகவே, ஒரு பொறியாளரிடம் மதிப்பீட்டுச் சான்று பெற்று, அதன்படி தொகையைக் குறிப்பிடுவது நல்லது.

பழைய தீக் காப்பீட்டு முறையில், ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள வீட்டை 50 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 20 லட்சம் ரூபாய் சேதத்துக்கு 10 லட்சமே கிடைக்கும். புதிய பாலிசியில் இந்த விகிதக் குறைப்பு இல்லை. ஆனால், முழு வீடும் அழிந்தால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது.

எவற்றுக்குக் காப்பு இல்லை என்பதை அறிவது இன்னும் முக்கியம். கரையான் அரிப்பு, நாள்பட்ட ஒழுக்கு, பராமரிப்பின்மையால் வரும் சிதைவு ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடையாது. எங்கள் கூரை பல ஆண்டுகளாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. பாலிசி இருந்திருந்தாலும் பணம் வந்திருக்குமா என்பது ஐயமே. திருட்டும் அப்படித்தான். தீ, வெள்ளம் போன்ற விபத்தின் விளைவாக ஏழு நாள்களுக்குள் நிகழ்ந்த திருட்டுக்கே இதில் காப்பு உண்டு. பூட்டை உடைத்துக் கதவையும் விளக்கையும் கொண்டுபோனால், அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு வேண்டும். வெள்ளிச் சாமான், தஞ்சாவூர் ஓவியம் போன்றவற்றை மதிப்பு ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியலாக, கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்க்க வேண்டும்.

ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை. முப்பது நாள்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை பழைய தீக் காப்பீட்டுப் பாலிசியில் இருந்தது. எனவே, எந்தப் பாலிசியானாலும் வீடு பூட்டியிருக்கும் என்பதை முன்னரே தெரிவித்து, நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும். படப்பிடிப்புக்கோ விடுதிக்கோ விட்டால் அதையும் மறைக்கக் கூடாது. பங்காளிகள் அனைவரின் பெயரும் பாலிசியில் இடம்பெறுவது பின்னாளைய வழக்கைத் தவிர்க்கும். இழப்பீடு நியாயமின்றி மறுக்கப்பட்டால், கட்டணமின்றிக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் உண்டு.

1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவில் நம் முன்னோர் விட்டு வந்தவை ஏராளம். போர் இழப்பை இன்றைய வீட்டுக் காப்பீடும் ஏற்பதில்லை. ஆனால், தீக்கும் புயலுக்கும் காப்பு உண்டு. அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது, கூரையைச் செப்பனிடும் செலவோடு பிரீமியத்தையும் பங்கிட்டுக்கொள்வது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.