காணியின் ஆழத்தையும் அளந்து பாருங்கள்

ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து, இருந்த காணியை இழந்து, அதற்குப் பதிலாக வேறு காணி பெறும்போது முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை ஏக்கர்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி "தண்ணீர் உண்டா?" என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை நம்மில் பலர் கேட்பதில்லை. "மண் எவ்வளவு ஆழம்?" என்பதே அது.

ஒலுவில், பாலமுனை, நிந்தவூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இக்கேள்வி இன்று தேவையானது. துறைமுக வேலை 2008 இல் தொடங்கியபோது காணி கொடுத்தவர்கள் உண்டு. 2013 இல் துறைமுகம் திறக்கப்பட்ட பின்னர், அதற்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டுபோக, தென்னந்தோட்டத்தைக் கண்முன்னே இழந்தவர்களும் உண்டு. அதற்கு முன் 2004 மார்கழியில் சுனாமி வந்தது. யுத்த காலத்தில் விட்டுவந்த மேட்டுக் காணிகளுக்கு மீண்டும் போக முயல்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டால், கடற்கரை மணலிலும் களியோடை ஆற்றங்கரை வண்டலிலும் பழகிய கைகள் பல, மேற்கேயுள்ள கல் மேடுகளின் சரிவில் மண்வெட்டி பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த மண்ணின் குணம் வேறு.

மேலோட்டமாகப் பார்த்தால் அது நல்ல மண்தான். செங்கபில நிறம், பிடித்தால் ஒட்டும், களி உண்டு. "களி இருந்தால் வளம் உண்டு" என்று வயற்காரர் நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு பாதி சரி. மறுபாதியை விளங்கிக்கொள்ள, உலகில் களிமண்ணுக்குப் பேர்போன எரிமலை நாடுகள் இரண்டைப் பார்ப்பது உதவும்.

இந்தியாவின் தக்காண மேட்டுநிலம் சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த பாறையால் ஆனது. மகாராஷ்டிரத்தின் கறுப்புக் களிமண் அந்தப் பாறை உக்கியதால் வந்தது. பருத்தி மண் என்று புகழ்பெற்றது அதுதான். ஆனால் அதே பாறை, அதே மழை, அதே கறுப்பு நிறம் இருந்தும், குன்றின் சரிவில் உள்ள மண் ஒரு சாண் இரண்டு சாண் ஆழந்தான். கீழே பள்ளத்தில் அது ஓர் ஆள் இறங்கி நிற்கும் ஆழம் இருக்கும். பள்ளத்து விவசாயி மழை ஓய்ந்த பின்னர் மண்ணில் நின்ற ஈரத்தைக் கொண்டே ஒரு போகம் சோளம் எடுக்கிறார். சரிவில் இருப்பவர் மழை காலத்திலேயே கம்போ கொள்ளோ விதைத்து, மழை நிற்குமுன் அறுத்துவிட வேண்டியதுதான். இருவருடைய மண்ணும் ஒரே களி. வேறுபாடு ஆழத்தில் இருக்கிறது.

இரண்டாவது இடம் பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவு. அங்கு அப்போ எரிமலையின் அடிவாரத்தில், காடு வெட்டிச் சோளன் போட்ட குடியேற்றவாசிகளின் களிச் சரிவுகள் சில ஆண்டுகளிலேயே விளைச்சல் குன்றிப்போயின. மழை மேல்மண்ணை எடுத்துக்கொண்டு போனதே காரணம். 1970களில் அங்கிருந்த ஒரு பப்ரிஸ்ற் கிராமிய நிலையம் விவசாயிகளோடு சேர்ந்து ஒரு வழி கண்டது. அதைப் பின்னர் பார்ப்போம்.

நமது நாட்டில் எரிமலை இல்லை. அம்பாறைக் கரையோரத்தின் அடியில் இருப்பது மிகப் பழைய, உருமாறிய கரும்பாறை. ஒலுவிலிலிருந்து தெற்கே போகப் போக, சங்கமன்கண்டிப் பக்கத்தில், அந்தப் பாறை குன்றுகளாகக் கடலோரத்துக்கே நெருங்கி வருவதைக் காணலாம். அது உக்கி உண்டான மண்ணைத் திணைக்களத்தார் செங்கபில நிற மண் என்றும் கல்சியமற்ற கபில நிற மண் என்றும் பிரிக்கிறார்கள். எரிமலைக் களியைப் போல இது பெரிதாக வெடிக்காது. வெடிக்கும் களியை இலங்கையில் பார்க்க விரும்பினால் மன்னாரின் முருங்கனுக்குத்தான் போக வேண்டும். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நமது சரிவு மண்ணில் மேலே மணல் கலந்த மெல்லிய படை, அதன் கீழ் பல இடங்களில் பருக்கைக் கல், பிறகு களி, பிறகு பாறை. காய்ந்தால் செங்கல், நனைந்தால் பிசின். உழுவதற்கு ஏற்ற பதம் மிகக் குறுகியது. அந்த நாட்களைத் தவறவிட்டவருக்கு அந்தப் போகமே பிந்திவிடும்.

இப்போது சிறிய கணக்கொன்று போடுவோம். களி கலந்த மண் ஒரு மீற்றர் ஆழத்துக்கு ஏறக்குறைய 150 மில்லிமீற்றர் நீரைப் பயிருக்குக் கொடுக்கக்கூடியதாகப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் காணியில் பாறைக்கு மேல் இருப்பது 30 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அடி மண் மாத்திரம் என்றால், அதில் நிற்பது 45 மில்லிமீற்றர். வெயில் காலத்தில் வளர்ந்த பயிர் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவில் குடிக்கும். ஆக மழை ஓய்ந்து ஒன்பது, பத்து நாளில் சட்டி காலி. ஒரு மீற்றர் ஆழமுள்ள மண்ணில் அதே பயிர் ஒரு மாதம் தாங்கும். பருக்கைக் கல் நீரைப் பிடிக்காது. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கல்லென்றால் அந்தப் பத்து நாள் ஆறு நாளாகிவிடும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அதையும் நம்ப முடியாது.

இதைக் காணிக் கணக்காக மாற்றிப் பாருங்கள். ஆழமான ஒரு ஏக்கர் வைத்திருக்கும் நீரை ஓரடி மண்ணில் வைத்திருக்க மூன்று ஏக்கருக்கு மேல் வேண்டும். "ஒன்றுக்கு ஒன்றரை தருகிறோம்" என்று யாரும் சொன்னால் அது இலாபமா நட்டமா என்பது குழி வெட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் நட்டஈட்டைச் சந்தைப் பெறுமதியில் கணிக்கிறது. சந்தையில் விலை பேசுகிறவர்கள் வீதியையும் நீரையும் பார்ப்பார்கள்; மண்ணின் ஆழத்தைப் பேசுகிறவர்கள் குறைவு. அதனால் அதை நாமே பேச வேண்டியிருக்கிறது.

குழி வெட்டுவது கடினமான வேலையல்ல. காணியின் மேட்டில் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று போதும். ஒவ்வொன்றும் இரண்டு முழ ஆழம். அலவாங்கு "ணங்" என்று பாறையில் பட்டால் அங்கேயே நிறுத்தி அங்குலத்தில் அளவு எடுங்கள். பருக்கைப் படை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தடிப்பு என்பதையும் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு படையிலும் ஒரு பிடி மண் எடுத்து, நீர் விட்டுப் பிசைந்து, திரி போல உருட்டி வளையமாக வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் களி அதிகம். உருட்டும்போதே உதிர்ந்தால் மணல். களிப்படையின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பானால் காற்றோட்டம் உண்டு. சாம்பல் நிறமும் துருப் புள்ளிகளும் தெரிந்தால் மாரியில் அங்கு நீர் தேங்கி நிற்கும்.

இந்த இரண்டாவது தொல்லையைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். ஆழங்குறைந்த களிமண் கோடையில் வரட்சி காட்டும், மாரியில் மூழ்கடிக்கும். ஐப்பசி முதல் தை வரை நம்மிடம் மழை கொட்டும்போது, கீழே பாறை இருப்பதால் நீர் இறங்க வழியின்றி வேரடியில் நிற்கும். மிளகாய்க் கன்று வாடுவதைக் கண்டு நீர் போதாதென்று மேலும் ஊற்றுவோரும் உண்டு. உண்மையில் அது மூச்சு முட்டி வாடுகிறது. பாத்தியை உயர்த்தி, பக்கத்தில் சிறு வடிகால் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

உழவிலும் கவனம் வேண்டும். ட்ராக்டரின் தட்டுக் கலப்பையை ஆழமாக இறக்கினால் அடியிலுள்ள பருக்கையும் பச்சைக் களியும் மேலே வரும். நல்ல மேல்மண் கீழே போகும். வாடகை ட்ராக்டர்காரர் அதைப் பார்க்கமாட்டார். நாம்தான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

என்ன பயிரிடலாம்? பத்து நாள் நீர் வைத்திருக்கும் மண்ணுக்குக் குறுகிய காலப் பயிரே பொருத்தம். கௌபி, பாசிப்பயறு போன்றவை இரண்டு மாதம் சற்றுக் கூடுதலான காலத்தில் முடிந்துவிடும். பெரும்போக மழைக்குள் அடங்கும். எள்ளு மழை முடியும் தறுவாயில் விதைக்கலாம். சோளன் வரும், ஆனால் யானையும் வரும். வேலி இல்லாத இடத்தில் நாம் அதைச் சொல்லத் தயங்குகிறோம். கச்சான் நல்ல விலை போகும் பயிரென்றாலும், காய்ந்து இறுகிய களியில் அதைப் பிடுங்கினால் செடி கையில் வரும், காய் மண்ணிலேயே நின்றுவிடும். மாவும் தென்னையும் சரிவின் அடியில், குழி இரண்டு முழமும் மண்ணாகவே இருந்த இடத்தில் மட்டும். பாறை மேல் வைத்த தென்னை முதல் சில வருடம் நன்றாகத்தான் நிற்கும். வேர் பாறையில் தட்டிய பிறகுதான் ஓலை தொங்கத் தொடங்கும். அதற்குள் உங்கள் உழைப்பு எல்லாம் போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கும் மண்ணைப் போகவிடக் கூடாது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் மண் கழுவுண்டு போனால் அது சுமார் ஐந்து தொன். ஓரடி மண்ணுள்ளவருக்கு அது முதலிலிருந்து எடுத்துச் செலவழிப்பது போன்றது. நாட்டில் 1951 இலிருந்து மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வரம்பு கட்டுவது நம் கையில்.

மிண்டனாவோவில் கண்ட வழி இங்கேதான் பயன்படுகிறது. அவர்கள் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், நான்கு ஐந்து மீற்றருக்கு ஒன்றாக, பயறின மரங்களை நெருக்கமாக இரட்டை வரிசையில் விதைத்தார்கள். வளர்ந்ததும் இடுப்பளவில் வெட்டி, இலையைப் பயிருக்குப் பசளையாகப் போட்டார்கள். மழை கொண்டுவரும் மண் அந்த வேலியடியில் தங்கித் தங்கி, சில ஆண்டுகளில் தானாகவே படிக்கட்டாகியது. முதலில் அவர்கள் நம்பியது இபில்-இபில் மரத்தை. 1985 அளவில் ஒரு சிறு பூச்சி வந்து அதைத் தாக்கவே, சீமைக்கிளுவை முதலான வேறு மரங்களுக்கு மாறினார்கள். ஒரே மரத்தை நம்பாமல் கலந்து வைப்பது நல்லது. சீமைக்கிளுவை நம்மூர் வேலிகளிலேயே இருக்கிறது. கம்பு வெட்டி நட்டால் போதும். நமது சரிவுகள் அங்குள்ளவை போலச் செங்குத்தல்ல. முப்பது நாற்பது அடிக்கு ஒரு வரிசை பல இடங்களில் போதுமானது. பொறுக்கிய கற்களை வரிசையின் மேல்பக்கத்தில் அடுக்கினால் நிலமும் துப்புரவாகும், வேலியும் பலப்படும். ஆடு மாடு மட்டும் முதல் வருடம் அண்டக் கூடாது.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஏழடிக் கம்பு இரண்டை மேலே கட்டி, கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வையுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கம்பில் படும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி ஒவ்வொரு அடியாக நகர்ந்து முளைக்குச்சி அடித்துப் போனால் வரிசை தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் ஒரு காலையில் ஒரு ஏக்கர் முடியும்.

குழி வெட்ட ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி, மாரிக்கு முன்னர். மூன்று குழிகளின் இடத்தையும் ஒரு தாளில் வரைந்து, ஆழத்தையும் பருக்கையின் அளவையும் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தரை அழைத்துக் காட்டி, அதிலேயே ஒப்பம் வாங்குங்கள். காணிக் கச்சேரிக்குப் போகும்போது அடையாள அட்டையோடு அந்தத் தாளின் பிரதி ஒன்றையும் கொண்டுபோய்க் கொடுத்து, கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள். மூலப் பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும்.