தண்ணீர் வரும் முன்பே தொடங்க வேண்டிய பயிற்சி

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரிநீர் பெருகும்போதெல்லாம் குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு முகாமுக்குப் போகின்றன. 2018, 2022, 2024 ஆகஸ்டுகளில் அதுதான் நடந்தது. சோறும் பாயும் மாத்திரையும் வந்துசேரும். ஆனால் தூக்கமின்றிச் சுவரைப் பார்த்தபடி இருப்பவர் பக்கத்தில் யார் உட்காருவது, என்ன பேசுவது என்பதற்கு ஆள் பழக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை மனநலப் பணியாளரோடு நிறுத்தாமல், முகாமில் முதலில் நிற்கும் அங்கன்வாடிப் பணியாளர், கிராம நிர்வாக அலுவலர், 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் வரை கொண்டுபோக வேண்டும் என்பேன்.

மனநலப் பணியாளருக்கே கூட இதில் புதிதாகக் கற்க வேண்டியது உண்டு: தோண்டிக் கேட்காமல் இருப்பது. பேரிடர் முடிந்த சூட்டோடு நடந்ததை முழுக்கச் சொல்லவைத்தால் மனப்பாரம் இறங்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஒரே அமர்வில் அப்படிப் பேசவைப்பது பிற்கால மனவடு நோயைத் தடுக்கவில்லை, சிலருக்கு அதைக் கூட்டவும் செய்தது என ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த உளவியல் முதலுதவி வேறு வழியில் போகிறது: பார், கேள், இணை. யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பார்ப்பது, சொல்ல விரும்புவதை மட்டும் கேட்பது, உறவினரோடும் மருத்துவரோடும் அரசு உதவியோடும் இணைப்பது. விசைத்தறித் தொழிலாளியின் நனைந்த ரேஷன் அட்டைக்கு வழி சொல்வதும், எப்போது வீடு திரும்பலாம் என்ற உண்மையான தகவலும் இதில் அடக்கம். வலிப்புக்கோ மனநோய்க்கோ மாத்திரை சாப்பிடுபவரின் மாத்திரை அட்டை வெள்ளத்தோடு போயிருந்தால் அன்றே கண்டுபிடிப்பதுதான் இங்கே பெரிய வேலை. முகாம்களில் எளிதில் தவறிப்போவதும் அதுவே.

அரைகுறைப் பயிற்சி ஆபத்து என்பார்கள். ஆனால் 2004 சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், ஒடிசா புயலிலும் குஜராத் நிலநடுக்கத்திலும் பெற்ற அனுபவத்தோடு, தமிழகக் கடற்கரையில் உள்ளூர் ஆட்களையே பழக்கியது. எதைச் செய்யக்கூடாது என்பதும், எந்த இடத்தில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையோ 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணையோ நாடவேண்டும் என்பதும் தெளிவாகக் கற்பிக்கப்பட்டால் அந்த ஆபத்து குறையும். இந்த முதலுதவி நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை என்பதும் நியாயமான மறுப்பே. தடுப்பு மருந்தாக அதை யாரும் விற்கக்கூடாது. காயத்தைக் கிளறாமல் உரிய இடத்தில் சேர்ப்பதே அதன் எல்லை. அந்த அளவுக்கே அது தேவைப்படுகிறது.

'வருஷாவருஷம் வருகிற தண்ணீர்தானே, ஜனங்களுக்குப் பழகிவிட்டது' என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. திரும்பத் திரும்ப வீட்டைக் காலி செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் கூலி நாட்கள் போகின்றன, கடன் ஏறுகிறது. அறிவித்துவிட்டு வரும் வெள்ளம் என்பதால்தான் மே மாதத்திலேயே இரண்டு நாள் பயிற்சியை முடித்துவிட முடியும். அதோடு பயிற்சி பெற்றவர்களுக்கு முகாம் நாட்களுக்கான தனி ஊதியமும் இரவுக்கு மாற்று ஆளும் வேண்டும். முகாமில் ஆறுதல் சொல்லும் அந்தப் பணியாளரின் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர் புகுந்திருக்கலாம்.