குளியலறைச் சீரமைப்பு

குளியலறைச் சீரமைப்பு என்பது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள குளியலறை ஒன்றின் தரை, சுவர், நீர்க்குழாய்கள், கழிவுநீர் வழிகள், மின்னிணைப்புகள் முதலியவற்றைப் பழுதுபார்த்தோ மாற்றியோ, அங்கு வைக்கப்படும் பொருட்களை ஒழுங்குபடுத்தியோ அவ்வறையை மீண்டும் நல்ல நிலைக்குக் கொண்டுவரும் பணியைக் குறிக்கும். வீட்டின் பிற அறைகளைப் புதுப்பிப்பதிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது. நீர், மின்சாரம், கழிவு ஆகிய மூன்றும் சில சதுர மீட்டர் பரப்புக்குள் ஒன்றாக வருவதால், இங்கு ஏற்படும் பிழை அழகுக் குறைவோடு நின்றுவிடுவதில்லை. கீழ்த்தளத்து வீட்டின் கூரை ஒழுகுவது, வழுக்கி விழுந்து எலும்பு முறிவது, மின் அதிர்ச்சி ஆகியன இத்தகைய பிழைகளின் விளைவுகளாக இருக்கக்கூடும். இக்கட்டுரை பெரும்பாலும் தமிழ்நாட்டின் நகர்ப்புற வீடுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் காணப்படும் குளியலறைகளைக் கருத்தில் கொண்டது.

பின்னணி

நீர் புகாத தரையும், நீர் வழிந்தோடச் சரிவும் வேண்டும் என்பது மிகப் பழைய அறிவு. சிந்துவெளி நகரமான மொகெஞ்சதாரோவின் வீடுகளில், செங்கற்களை நெருக்கமாகப் பதித்து அமைத்த குளிக்கும் மேடைகளும், அவற்றின் நீரைத் தெருவின் வடிகாலுக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால்களும் கண்டறியப்பட்டுள்ளன. அங்குள்ள பெருங்குளத்தில் நீர்க்கசிவைத் தடுக்க நிலக்கீல் பூசப்பட்டிருந்தது. இன்று பூசப்படும் வேதிக்கலவைகள் செய்வதும் அதே வேலையைத்தான்.

தமிழர் வாழும் பகுதிகளில் குளிப்பது நெடுங்காலம் ஆறு, குளம், கிணற்றடி ஆகிய இடங்களிலேயே நடந்தது. வீட்டோடு இருந்தாலும் குளிக்குமிடமும் கழிப்பிடமும் கொல்லைப்புறத்தில் தனித்தனியே அமைந்திருந்தன. நகரங்களில் அடுக்குமாடிகள் பெருகிய பின்னரே இரண்டும் ஒரே அறைக்குள், அதுவும் படுக்கையறையை ஒட்டி வந்தன. இதனால் இடம் மிச்சமானது. ஆனால், எப்போதும் ஈரமாக இருக்கும் ஓரிடம் வீட்டின் நடுவே வந்து சேர்ந்தது. இன்றைய சீரமைப்புச் சிக்கல்களில் பல இம்மாற்றத்திலிருந்து தோன்றியவை எனலாம்.

இந்தியத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, குளியலறைக்குக் குறைந்தது 1.8 சதுர மீட்டர் பரப்பையும், கழிப்பறையும் சேர்ந்ததாயின் 2.8 சதுர மீட்டர் பரப்பையும், இரண்டுக்கும் 1.2 மீட்டர் அகலத்தையும் வரையறுக்கிறது. இவை குறைந்தபட்ச அளவுகளே. இந்த அளவில் உள்ள அறையில் குளிக்குமிடத்தை ஈரமற்ற பகுதியிலிருந்து பிரிப்பது கடினம். எனினும், கதவருகே கைகழுவும் தொட்டி, அடுத்துக் கழிப்பிடம், கடைசியில் குளிக்குமிடம் என்ற வரிசையைக் கையாண்டால், நுழைந்தவுடன் ஈரத்தில் கால் வைக்கும் நிலை ஓரளவு தவிர்க்கப்படும்.

நீர்க்கசிவைக் கண்டறிதல்

சீரமைப்பு என்றாலே ஓடுகளை மாற்றுவது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் ஓடு ஒரு மேற்பூச்சு மட்டுமே. ஓடுகளுக்கு இடையிலான இணைப்புகளில் நிரப்பப்படும் சிமெந்துக் கலவை நுண்துளைகள் உள்ளது. நீர் அதன் வழியே மெதுவாக உள்ளிறங்கும். அந்நீரைத் தடுத்து நிறுத்துவது அடியில் உள்ள நீர்க்காப்புப் படலம். அது பழுதாகியிருக்க, மேலே எவ்வளவு விலையுயர்ந்த ஓடு பதித்தாலும் கசிவு நிற்காது. பழைய ஓட்டை எடுக்காமல் அதன்மீதே பசை கொண்டு புதிய ஓடு ஒட்டும் முறைக்கும் இது பொருந்தும். கசிவில்லாத அறையில் அம்முறை பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். கசிவுள்ள அறையில் அது நோயை மறைக்கும் செயலேயாகும். மேலும் தரைமட்டம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்வதால் கதவின் அடியும் நீர்போக்கியின் வாயும் அதற்கேற்ப மாற்றப்பட வேண்டும்.

ஆகவே, உடைப்பதற்கு முன் கசிவின் மூலத்தை அறிவது முதற்பணி. கசிவு மூன்று இடங்களிலிருந்து வரக்கூடும். நீர் வழங்கும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், அதில் விரிசல் இருந்தால் குளியலறையைப் பயன்படுத்தாத நாட்களிலும் ஈரம் தொடரும். அக்குளியலறைக்கான வால்வை ஓரிரு நாட்கள் மூடிவைத்தபின் ஈரம் குறைந்தால் குழாயே காரணம் எனக் கொள்ளலாம். கழிவுநீர்க் குழாயில் பழுது இருந்தால், நீர் ஊற்றிய சிறிது நேரத்தில் கீழ்த்தளத்தில் சொட்டும். ஓட்டின் இணைப்புகள் வழியே இறங்கும் நீர் மெதுவாகப் பரவி, குளித்துப் பல மணி நேரம் கழித்துத் திட்டுத் திட்டாகத் தோன்றும். முதலாவதற்கு ஒரு குழாயை மாற்றினால் போதும். மூன்றாவதற்குத் தரை முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் முழு அறையையும் உடைத்துப் பெருஞ்செலவு செய்வோர் பலர். பழைய வீடுகளில் சுவருக்குள் பதிக்கப்பட்ட துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் உட்புறம் துருவேறி, நீர் வரத்தையும் குறைத்திருக்கும். சுவர் ஓட்டை எடுக்கும்போதே இவற்றை மாற்றிவிடுவது நன்று. வெந்நீர் செல்லும் வழிக்குச் சாதாரண பிவிசி குழாய் ஏற்றதல்ல. வெப்பந்தாங்கும் சிபிவிசி குழாய் பயன்படுத்தப்படுகிறது.

அடுக்குமாடிகளில் குளியலறைத் தளம் மற்ற அறைகளைவிடத் தாழ்வாக வார்க்கப்பட்டு, அப்பள்ளத்தில் கழிவுக் குழாய்கள் பதிக்கப்பட்டு, செங்கல் சல்லி போன்றவற்றால் நிரப்பப்படுவது வழக்கம். கொத்தனார்கள் இதைச் சங்கன் ஸ்லாப் என்பர். மேலிருந்து இறங்கும் நீர் இப்பள்ளத்தில் தேங்கி, வெளியேற வழியின்றிக் கான்கிரீட்டின் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருமன் கூடி, கீழ்வீட்டுக் கூரையின் பூச்சைப் பெயர்த்து விழச் செய்யும். மேல்வீட்டாருக்கு எக்குறையும் தெரியாதிருக்க, கீழ்வீட்டார் மட்டும் துன்புறுவது இதன் தன்மை. அடுக்குமாடிகளில் அண்டை வீட்டாரிடையே எழும் பிணக்குகளில் இது அடிக்கடி காணப்படுவதொன்று.

புதிய நீர்க்காப்புப் பூச்சு தரையோடு நின்றுவிடாது சுவரில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத்துக்கும், பூந்துளிக் குழாய் உள்ள சுவரில் ஆளுயரத்துக்கும் பூசப்பட வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக்கிய பின்னரே பூச வேண்டும். குழாய்கள் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களே பெரும்பாலும் முதலில் பழுதாகின்றன. பூச்சு காய்ந்ததும் நீர்போக்கியை அடைத்து, சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிரப்பி 24 முதல் 48 மணிநேரம் விட்டு, கீழ்த்தளத்தில் ஈரம் காண்கிறதா எனப் பார்ப்பர். வேலை முடிக்கும் அவசரத்தில் பெரும்பாலும் கைவிடப்படுவதும் இச்சோதனையே. ஓடு பதித்த பின்னர் இதைச் செய்வதில் பயன் குறைவு.

தரையும் ஓடும்

தரைக்கு நீர்போக்கியை நோக்கி ஒரு மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சரிவு தேவை. இதைவிடக் குறைந்தால் நீர் தேங்கும். அதிகமானால் நிற்பதற்கு இடராக இருக்கும். 60 சென்டிமீட்டர் பெரிய ஓடுகளைவிட 30 சென்டிமீட்டர் ஓடுகளில் இச்சரிவை அமைப்பது எளிது. இணைப்புகள் மிகுதியாக இருப்பதால் காலுக்குப் பிடிப்பும் கூடும்.

சுவருக்கான பீங்கான் ஓடுகள் தம் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடியவை. விட்ரிஃபைடு எனப்படும் ஓடுகளில் இது 0.5 விழுக்காட்டுக்கு மேற்படாது. ஆயினும் குறைவாக உறிஞ்சுவது வேறு, வழுக்காமல் இருப்பது வேறு. பளபளப்பாக்கிய விட்ரிஃபைடு ஓடு ஈரத்தில் மிகவும் வழுக்கும். ஜெர்மானியத் தர முறையில், காலணியோடு நடக்கும் தரைகளுக்கு ஆர்9 முதல் ஆர்13 வரையும், வெறுங்காலோடு நடக்கும் ஈரத் தரைகளுக்கு ஏ, பி, சி எனவும் வழுக்கா இயல்பு குறிக்கப்படுகிறது. குளியலறைக்குப் பின்னதே நேரடியாகப் பொருந்துவது. இக்குறியீடுகள் கிடைக்காத இடத்தில், கடையிலேயே ஓட்டின்மீது நீர் ஊற்றி, சோப்பு தடவிக் காலால் அழுத்திப் பார்ப்பது எளிய வழி.

கழிவுநீர் வழிகள்

குளியலறையின் துர்நாற்றத்துக்குத் துப்புரவின்மையே எப்போதும் காரணம் என்று கூறமுடியாது. தரையின் நீர்போக்கிக்கு அடியில் உள்ள வளைவில் எப்போதும் சிறிதளவு நீர் தங்கி, சாக்கடை வளி மேலேறாமல் தடுக்கிறது. இந்த நீரடைப்பு பொதுவாக 50 மில்லிமீட்டர் ஆழமுடையது. வளைகுழாயில் நீரை நிறுத்தும் இம்முறையை, 1775-இல் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக் கைவினைஞர் தமது நீர்க்கழிப்பறைக் காப்புரிமையில் கையாண்டார். தமிழ்நாட்டில் தரைப் போக்கியை நஹானி டிராப் என்று அழைக்கின்றனர். நஹானி என்பது குளிக்குமிடத்தைக் குறிக்கும் மராத்திச் சொல்லோடு தொடர்புடையது.

பல நாட்கள் பயன்படுத்தாத விருந்தினர் குளியலறையில் இந்நீர் ஆவியாகிவிடும். அப்போது நாற்றமும் கரப்பான்பூச்சிகளும் வரும். வாரம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றுவதே இதற்கு மருந்து. சீரமைப்பின்போது ஆழங்குறைந்த போக்கியைப் பொருத்திவிட்டால் இச்சிக்கல் நிலையாகத் தங்கிவிடும்.

குந்தும் வகைக் கழிப்பிடத்தை அமரும் வகையான கமோடாக மாற்றுவது, முதியோர் உள்ள வீடுகளில் சீரமைப்புக்கு மிகப் பொதுவான காரணமாகும். கமோடின் கழிவு வாய் தரைநோக்கி இருந்தால் எஸ் டிராப், சுவர்நோக்கி இருந்தால் பி டிராப் என்பர். எஸ் வகையில், சுவரிலிருந்து கழிவுத் துளையின் நடுப்புள்ளி வரையுள்ள தொலைவைப் புதிய ஓட்டின் தடிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதை அளக்காமல் கடையில் கமோடைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதைத் திருப்பிக் கொடுக்கவோ தரையை மீண்டும் உடைக்கவோ நேரிடுகிறது. பழைய நீர்த்தொட்டிகள் ஒரு முறைக்குச் சுமார் 10 லிட்டர் நீரைச் செலவிட்டன. இரு பொத்தான் கொண்ட இன்றைய தொட்டிகளுக்கு 6 அல்லது 3 லிட்டர் போதுமானது. நீர்த்தட்டுப்பாடுள்ள நகரங்களில் இவ்வேறுபாடு சிறிதன்று.

நீர் அழுத்தம்

விடுதிகளில் கண்ட பெரிய மழைத்துளிக் குழாயை வீட்டில் பொருத்தி ஏமாற்றமடைவோர் உண்டு. நீர்நிரல் 10 மீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டைமாடித் தொட்டி குளியல் குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருப்பின் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. மேல்தளத்து வீடுகளில் இத்தகைய கருவிகள் சொட்டுவதோடு நின்றுவிடும். அழுத்தமூட்டும் பம்பு இதற்குத் தீர்வாகும். வாளியும் குவளையுமாகக் குளிக்கும் வழக்கமுள்ள வீட்டில் அச்செலவு தேவையா என்பதை முன்பே எண்ணிப் பார்க்கலாம்.

மின்சாரமும் வெந்நீரும்

15 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடேற்ற, 2 கிலோவாட் திறனுள்ள கீசருக்குச் சுமார் 17 நிமிடங்கள் ஆகும். 230 வோல்ட்டில் இது ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், 16 ஆம்பியர் செருகியும் தனி மின்கம்பி வழியும் வேண்டும். விளக்குக்குச் செல்லும் கம்பியிலிருந்து இணைப்பு எடுத்தல் தீ விபத்துக்கு இடமளிக்கும்.

ஈர உடலின் மின்தடை குறைவு. ஆகையால் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியும், முறையான புவித்தொடுப்பும் குளியலறைக்கு இன்றியமையாதவை. சாதாரண எம்சிபி மிகை மின்னோட்டத்தை மட்டுமே உணரும். மனித உயிரைப் பறிக்கப் போதுமான கசிவு அதற்கு ஒரு பொருட்டன்று. புதிய ஓட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் வீடுகளிலும் இக்கருவி இல்லாதிருப்பது வியப்புக்குரியது. வாளியில் இடும் வெந்நீர்க் கம்பியைப் பயன்படுத்துவோர், இணைப்பைத் துண்டித்த பின்னரே நீரைத் தொட வேண்டும்.

சமையல் எரிவாயுவால் இயங்கும் கீசரைக் குளியலறைக்குள் பொருத்துதல் பேரிடர் தரும். மூடிய சிறு அறையில் ஆக்சிசன் குறைந்து எரிதல் நிறைவுறாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இவ்வளிக்கு நிறமோ மணமோ இல்லாமையால், குளிப்பவர் எச்சரிக்கை பெறாமலே மயங்கி இறக்க நேரிடும். இந்தியாவில் இத்தகைய இறப்புகள் பலமுறை நிகழ்ந்துள்ளன. இக்கருவி அறைக்கு வெளியே, திறந்த வெளியை ஒட்டியே அமைக்கப்பட வேண்டும்.

காற்றோட்டம்

பூஞ்சை சுவரில் படிவது ஈரம் உலராமையால். வெளியேற்று விசிறி பொருத்தினால் மட்டும் போதாது. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர, கதவின் அடியில் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அவ்விடைவெளி இல்லாமல், நீரடைப்பும் வற்றியிருந்தால், விசிறி சாக்கடைக் காற்றையே உள்ளிழுக்கும்.

முதியோருக்கான மாற்றங்கள்

கமோடின் அருகிலும் குளிக்குமிடத்திலும் கைப்பிடிக் கம்பிகள் அமைத்தல் சிறந்தது. 32 முதல் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி கைக்கு அடக்கமானது. இது ஓட்டில் மட்டும் அல்லாது செங்கல் அல்லது கான்கிரீட் வரை துளையிட்டு இறுக்கப்பட வேண்டும். துவாலைக் கம்பி மனித எடையைத் தாங்காது. ஆனால், விழப்போகிறவர் பற்றுவது கைக்கெட்டும் எதையும்தான். கதவு வெளிப்புறமாகத் திறப்பதாக இருத்தல் நல்லது. உட்புறம் திறக்கும் கதவை, மயங்கி விழுந்தவரின் உடலே அடைத்துவிடும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் இதே நோக்கத்துக்கானது.

பொருட்களை ஒழுங்குபடுத்தல்

பழைய வீடுகளில் எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய் முதலியவற்றை வைக்கச் சுவரில் மாடங்கள் இருந்தன. சுவரை உடைக்கும் சீரமைப்பில் இம்மாடத்தை மீண்டும் அமைப்பது, பின்னர் திருகாணியில் தொங்கும் பல தட்டுகளைவிடப் பயனுள்ளது. அடித்தட்டுக்கு வெளிப்புறமாகச் சிறு சரிவு கொடுத்தால் நீர் தங்காது. உடைக்காத அறையில், கதவுக்கு மேலுள்ள வெற்றிடமும் மூலைகளும் தட்டுகளுக்கு ஏற்றவை. தரையில் பொருள் எதுவும் இல்லாதிருந்தால் அறை விரைவில் உலரும், கழுவுவதும் எளிதாகும்.

மருந்துகளைக் குளியலறை அலமாரியில் வைப்பது மேலைநாட்டுத் திரைப்படங்களிலிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம். ஈரமும் வெப்பமும் மருந்தின் ஆற்றலைக் குறைப்பதால் அது தவிர்க்கத்தக்கது. தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் நீர் நிரம்பிய வாளியைத் தரையில் விட்டுவைக்கலாகாது. தலைகுப்புற விழுந்த குழந்தை மீண்டெழ முடியாது மூழ்கிவிடும்.

தூய்மையாக்கும் வேதிப்பொருட்களை உயரத்தில், பூட்டக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். கடின நீரால் ஏற்படும் வெண்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு ஆகும். வினிகர் போன்ற மென் அமிலமே அதைக் கரைக்கும். கடைகளில் விற்கும் வலிய அமிலம் கறையோடு ஓட்டிணைப்பின் சிமெந்தையும் பளிங்குத் தரையையும் அரித்து, புதிதாகச் சீரமைத்த அறையைச் சில ஆண்டுகளில் மீண்டும் கசியச் செய்யும். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருசேரப் பயன்படுத்தினால் குளோரின் என்னும் நச்சு வளி வெளிப்படும். இரண்டையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைப்பதும் இக்காரணத்தால் தவிர்க்கப்படுகிறது.