புதுவைக்குத் தெற்கே வெட்டிவேர் வயல்கள்

ஜம்முப் பிரதேசத்துத் தோடா ஜில்லாவைச் சேர்ந்த பதர்வா மலைச்சாரல்களில் லாவண்டர் என்னும் வாசனைச் செடி சில வருஷங்களாகப் பயிராகி வருகின்றது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றத்தாரின் வாசனைப் பயிர்த் திட்டம் அதற்கு உதவியாயிற்று. 2022-ஆம் வருஷம் மே மாதத்தில் பதர்வாவில் லாவண்டர் விழா ஒன்றும் நடைபெற்றது. ஊதா நிறம் பூத்த அவ்வயல்களின் படங்களைக் கண்ட நம் நிலச்சுவான்தார்கள், அச்செடியைப் புதுவைப் பக்கத்திலும் வைக்கலாகாதா என்று கேட்பது இயல்பே.

வைக்கலாகாது என்பதே விடை. லாவண்டருக்குக் குளிர்ந்த பனிக்காலமும், வறண்ட காற்றும், நீர் சிறிதும் தங்காத பூமியும் வேண்டும். பதர்வா 5,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கடற்கரைப் பூமியில் அதன் வேர் அழுகிப்போம்.

ஆயினும் வாசனைப் பயிரைக் காண விரும்புவோர் காஷ்மீரத்துக்கோ பிரான்சுக்கோ செல்ல வேண்டுவதில்லை. புதுவையினின்று தெற்கே அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகச் சென்றால், மேற்கே பாகூர் ஏரிப் பாசனத்து நெல்வயல்கள் பரந்து கிடக்கும். தென்பெண்ணையைத் தாண்டிக் கடலூர். அதற்கும் தெற்கே, கடலை ஒட்டிய மணற்பாங்கில் நொச்சிக்காடு, தியாகவல்லி முதலிய கிராமங்கள் உள்ளன. சவுக்கும் முந்திரியும் மணிலாவும் விளையும் இம்மணலில்தான் வெட்டிவேர் சாகுபடியாகின்றது. லாவண்டர் வயல்போல இது கண்ணைப் பறிக்காது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த கோரைப்புல் என்றே புதியவர் நினைப்பர். வாசனை முழுவதும் மண்ணுக்குள் இருக்கின்றது.

இதில் புதுவைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், புதுவைத் துறைமுகத்தினின்று கூலியாட்கள் கப்பலேறிச் சென்ற ரெயூனியன் தீவில், நம் தேசத்துப் பூர்விகமுடைய இந்தப் புல்லே 'பூர்போன் வெட்டிவேர்' என்னும் பெயரால் வாசனைத் தைலக்காரரிடையே கீர்த்தி பெற்றது. இக்காலத்தில் ஹைத்தி தேசமே தைல உற்பத்தியில் முன்னிற்கின்றது.

மணற்பாங்கு இப்பயிருக்கு உகந்ததாவதன் காரணம் எளிது. களிமண்ணில் வேர் அறுந்து பாதி மண்ணிலேயே தங்கிவிடும். மணலிலோ முழுவேரும் அலுங்காமல் வெளிவரும். தென்னாட்டு வகை பெரும்பாலும் விதை கட்டுவதில்லையாதலின், முதிர்ந்த தூர்களைப் பிரித்துத் தாளைக் குறுக வெட்டி நடுகின்றனர். பன்னிரண்டு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையில் வேர் எடுக்கலாம். லக்னோவிலுள்ள மருந்து, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் தாரிணி, குலாபி, கேசரி முதலிய ரகங்களை வெளியிட்டிருக்கின்றனர். பணமுடை நேர்ந்த குடியானவர் ஒன்பது, பத்து மாதத்திலேயே தோண்டிவிடுவதும் உண்டு. அவ்விளவேரின் தைலம் மெலிந்ததாய் விலை குறையும். மிகவும் தாமதித்தாலோ வேர் கட்டைபோலாகி எண்ணெய் சுருங்கும்.

தைலம் இறக்குவதிலும் பொறுமை வேண்டும். லாவண்டர் பூவிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தைலம் வந்துவிடும். வெட்டிவேருக்கோ நீராவி ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் செல்ல வேண்டியிருக்கின்றது. நறுமணம் நீடிக்கச் செய்யும் கனத்த பகுதி கடைசியில்தான் இறங்குகின்றது. விறகை மிச்சப்படுத்த எண்ணி எட்டு மணி நேரத்தில் அடுப்பை அணைப்பவர், விலையுயர்ந்த பகுதியை வேரோடு குப்பையில் கொட்டுகின்றார். ஒரு குடியானவர் தனித்து வாலை அமைப்பது பெரும்பாலும் கட்டாது. நாலைந்து கிராமத்தார் கூடி அமைத்தால் கட்டக்கூடும். வாலை இல்லாத இடத்தில் வேரை உலர்த்தித் தட்டிக்கும், விசிறிக்கும், மாலைக்கும், நாட்டு மருந்துக் கடைக்கும் விற்பதே உத்தமம்.

இனி முக்கியமான விஷயம். இதே புல் மண்ணைக் காப்பதில் நிகரற்றது. மைசூருக்குத் தெற்கேயுள்ள குண்டலுப்பேட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் நெடுங்காலமாக இதை நிலத்து எல்லையில் வேலியாக நட்டு வந்தனர். 1980-களில் உலக வங்கி நிபுணர்கள் இம்முறையைப் பல தேசங்களிலும் பரப்பினர். ஆனால் காக்கும் வேரையே தோண்டி எடுத்தால் மண் கட்டற்றுப் போகின்றது. ஜாவாவில் காரூட் மலைச்சரிவுகளில் வேருக்காகத் தோண்டியதால் மேல்மண் பெரிதும் அரிக்கப்பட்டது.

நம் கடற்கரை சரிவற்றதாயினும், இங்கே மணலை அள்ளக் காற்று இருக்கின்றது. தியாகவல்லிக்கு அருகே பாடல் பெற்ற தலமாகிய திருச்சோபுரத்துக் கோயில் நெடுங்காலம் மணலில் புதைந்து கிடந்து பின்னர் வெளிப்படுத்தப்பட்டது என்பர். இப்பக்கத்து மணல் எவ்வளவு நடமாடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை யாவரும் அறிவர். மரம் குறைந்த இடத்தில் மணலைப் பிடித்து நிறுத்தப் புல் ஒன்றேனும் இருத்தல் வேண்டும்.

ஆதலின் வயல் முழுவதையும் ஒரே தடவையில் தோண்டலாகாது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டை பட்டையாக எடுக்க வேண்டும். எடுத்த பள்ளத்தை அன்றே மூடிப் புதிய தூர்களை நட்டு, நனைக்க நீர்வசதியும் வைத்திருக்க வேண்டும். கடலைப் பார்த்த ஓரத்து இரண்டு வரிசைகளைத் தொடாமலே விட்டுவிடுதல் நன்று. அவற்றின் வேர் விலையை இழப்பதாகக் கருதுவோர், பக்கத்து மணிலா வயலில் மணல் மூடினால் வரும் நஷ்டத்தையும் கணக்கிட்டுப் பார்க்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை முதல் தோண்டுவதே தகும். மழைக்கு முன் நிலத்தைத் திறந்து போடுவது எவ்வகையிலும் கூடாது. இக்காலத்து மண் தோண்டும் இயந்திரம் கூலியை மிச்சப்படுத்துவது மெய்யே. எனினும் அது கிளறுவது ஆழமும் அகலமும் மிகுதியாதலின், பட்டையை விட்டு வெளியே செல்லாதபடி நிலத்துக்குடையவர் உடனிருந்து கவனிக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் அடங்கலில் இப்பயிரைப் 'புல்' என்று எழுதிவிடாமல் வெட்டிவேர் என்று பெயர் சொல்லியே பதிவு செய்தல் வேண்டும். புயல் நிவாரணம் கணக்கிடும்போது பதினெட்டு மாதப் பயிருக்கும் தரிசுப் புல்லுக்கும் உள்ள பேதம் அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றது.

வயல்களைப் பார்க்கச் செல்வோர் தை, மாசி மாதங்களில் செல்க. வேர் எடுக்கும் காலம் அதுவே. கழுவிக் குவித்த வேரின் மணம் அறுவடை வயலை அணுகும்போதே வரவேற்கும். நடவுக்குத் தூர் வேண்டுவோர், தோண்டும் நாளில் நேரே சென்று, நோயற்ற பெருந்தூர்களைத் தாமே பொறுக்கிக்கொள்ளலாம்.